வயலின் இல்லையெண்டால் ஜிப்சி ஜாஸ் இல்லையோ?

ஜிப்சி ஜாஸ் எண்டால், 'மைனர் ஸ்விங்' ஒலிப்பதிவான 1937ஆம் ஆண்டோடு நிண்டுபோன ஒரு சத்தம் எண்டு நினைக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். மூன்று கிற்றார், ஒரு வயலின், ஒரு பேஸ். இதிலிருந்து ஒரு அடி விலகினாலும் 'இது ஜிப்சி ஜாஸே இல்லை' எண்டு தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடுதான் எங்களுக்குச் சண்டை.

அமெரிக்காவில் கிற்றார் கலைஞர் எவன் பெரி தொடங்கிய 'ஹொட் கிளப் ஒஃப் டெட்ரொயிட்' குழுவை எடுங்கோ. அடியில் தாளக் கிற்றார் பழைய துள்ளலோடு ஓடுது. ஆனால் வயலின் இருக்கவேண்டிய இடத்தில் அக்கோர்டியனும் சக்சபோனும். 2010இல் வந்த அல்பத்துக்கு மைல்ஸ் டேவிஸின் இசைக்கோவை ஒன்றின் பெயரையே வைத்தார்கள். தூய்மைவாதிகளுக்குக் கோபம் வர இது போதாதோ?

வரலாறு யாருடைய பக்கம் எண்டு பார்ப்போம். 1928இல் ஜாங்கோ ரைன்ஹார்ட் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது பக்கத்தில் ஒலித்தது அக்கோர்டியன்தான். அதே ஆண்டு அவருடைய கரவன் தீப்பிடித்து, இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கின. மிச்ச விரல்களுக்கு ஏற்றமாதிரி வாசிப்பையே புதிதாக உண்டாக்கினார். ஸ்டெபான் கிரப்பெல்லியின் வயலினோடு பாரிஸில் ஐவர் குழு அமைந்தது 1934இல். 1939இல் யுத்தம் தொடங்க, கிரப்பெல்லி லண்டனில் தங்கிவிட்டார். ஜாங்கோ வயலினுக்காகக் காத்திருக்கவில்லை. 1940இல் கிளாரினெட்டோடு 'நுவாஜ்' பதிவு செய்தார். 1946இல் டியூக் எலிங்டனோடு அமெரிக்காவில் மின்கிற்றார் வாசித்தார். 1953இல் சாகும்போது பீபொப் பக்கம் வந்திருந்தார். இவர்கள் காவல் காக்கிற வீட்டைவிட்டு ஜாங்கோ எப்பவோ வெளிக்கிட்டிட்டார்.

நியாயமான கேள்வி ஒன்று இருக்கு. ரோமா மக்களின் இசையை வெளியாட்கள் மாற்றலாமோ? 'ஜிப்சி' எண்ட பெயரே மற்றவர்கள் வைத்தது. நாசிகள் லட்சக்கணக்கான ரோமா, சிந்தி மக்களைக் கொன்றொழித்த ஆண்டுகளில்தான் ஜாங்கோ பாரிஸில் வாசித்துக்கொண்டிருந்தார். இந்த இசை ஆரிடமிருந்து வந்தது எண்டதை மறைக்கிறவர்களை நாங்களும் எதிர்க்கிறோம்.

ஆனால் தூய்மைவாதம் அந்த மக்களையும் சேர்த்துத்தான் கட்டிப்போடுது. பிரான்சின் மனூஷ் குடும்பமொன்றில் பிறந்த பிரெலி லக்ரேன் சின்ன வயசிலேயே ஜாங்கோவின் பாணியில் அசத்தியவர். பிறகு அவரே மின்கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஜாக்கோ பஸ்தோரியஸோடு வாசிக்கப் போனார். அவரிடமும் '1937இலேயே நில்' எண்டு சொல்லுவீங்களோ? வெள்ளைக்காரக் கலைஞர் எதையும் வாசிக்கலாம், மனூஷ் கலைஞர் மட்டும் கரவனையும் நெருப்பையும் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கவேணும் எண்டு எதிர்பார்ப்பதற்குப் பெயர் ரசனை இல்லை. இனவாதம்.

டெட்ரொயிட்காரர் செய்கிற எல்லாமே வெற்றி எண்டு நாங்கள் சத்தியம் செய்யவில்லை. கேட்டுப்பாருங்கோ. பிடிக்கேல்லை எண்டால் எந்த இடம் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, சண்டை பிடிப்போம். வயலின் இல்லை எண்டதை மட்டும் ஒரு காரணமாகக் கொண்டுவராதேங்கோ.