கடல் கடந்தோரும் கடனும்

எம் ஊர்க் கோயிலொன்றின் உள்வீதியிலே அண்மையிற் கருங்கற் பலகையொன்று பதிக்கப்பட்டது. திருப்பணிக்குப் பொருளுதவியோர் பெயர்கள் அதிலே பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றாவது பெயர் கனடாவிலே வாழும் ஓர் அன்பருடையது. அப்பலகைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சிறு பலசரக்குக் கடை உண்டு. அக்கடைக்காரரின் பழைய கொப்பியிலும் அதே பெயர் காணப்படுகின்றது. அங்கே அது பொன்னெழுத்தில் இல்லை; மங்கிய நீல மையிலே இருக்கின்றது. பெயருக்கு எதிரே குறித்த தொகை ஒன்பது ஆண்டுகளாக வெட்டப்படாமல் நிற்கின்றது.

கடைக்காரர் இதனை எம்மிடம் முறையிட்டாரல்லர். கொப்பியைத் தற்செயலாகவே நாம் காண நேர்ந்தது. "அம்பாளுக்குக் குடுத்திருக்கிறார், ஐயா, நல்லதுதானே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பே இவ்வாரம் இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

பிறநாடு செல்லுதல் குற்றமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே எம்மவர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயிருந்து ஊரிலே கல்வீடுகளையும் பாடசாலைகளையும் எழுப்பினர். 1983ஆம் ஆண்டின் பின் யுத்தம் துரத்தப் பல்லாயிரவர் சென்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் தொழிலாளரும் அணியணியாய்ச் செல்கின்றனர். செல்க, சென்று வாழ்க. செல்வோர் பின்னே விட்டுச் செல்வது யாது என்பதே எம் வினா.

கடன் என்னுஞ் சொல்லை எம் முன்னோர் ஆண்ட முறையைச் சிறிது நோக்குவோம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளும் கடன்; செய்ய வேண்டிய கருமமும் கடன். காலைக்கடன் என்கின்றோம், பிதிர்க்கடன் என்கின்றோம், கடமை, கடப்பாடு என்னுஞ் சொற்களும் அவ்வினத்தனவே. பொருட்கடனை வெறும் கணக்கு விவகாரமெனவும் கடமையை மட்டும் அறமெனவும் இருகூறாக்கும் வழக்கம் எம் மொழிக்கு உடன்பாடன்று. கடன் இறுக்காதவன் கடமையினின்றும் வழுவியவன் என்பது அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

பழந்தமிழிலே குறியெதிர்ப்பை என்றொரு சொல் உண்டு. குறித்த அளவினாலே வாங்கி, அவ்வளவினாலேயே எதிர் கொடுப்பதனை அது குறிக்கும். அயல் வீட்டிலே ஒரு கொத்து அரிசி வாங்கிப் பின்னர் ஒரு கொத்து அரிசி கொடுக்கும் வழக்கம் எமது கிராமங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. புறநானூற்றின் 163ஆவது செய்யுளிலே புலவர் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற பெருஞ் செல்வத்தோடு வீடு திரும்புகின்றார். அச்செல்வத்தை யார் யாருக்கெல்லாம் கொடுக்கவேண்டும் என மனைவிக்குக் கூறும்போது, சுற்றத்தாரோடு, குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியோரையும் மறவாது சேர்த்துக்கொள்கின்றார். வறுமையிலே வீட்டை விட்டுச் சென்று வளத்தோடு மீண்ட ஒருவரின் நினைவில், தாம் இல்லாத வேளையிலே அடுப்பெரிய உதவியவர்கள் இருந்தனர். மாணவருக்கு இச்செய்யுளைப் பல்லாண்டாகக் கற்பித்து வருகின்றோம். அவர்களுட் பலர் இன்று வெளிநாடுகளில் இருக்கின்றனர்.

செய்யுள் வேறு, நடைமுறை வேறு என்பார்க்குத் தேசவழமையைக் காட்டுவோம். 1707ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்சு தொகுத்தளித்த எம் நாட்டு வழமைகளுள், பெற்றோர் இறுக்காது விட்ட கடனை மைந்தர் இறுத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வேளை இறுத்தற்கு வகையில்லாதிருப்பினும் அப்பொறுப்பு அவரைவிட்டு நீங்காது. இதனைக் கடுமையான வழக்கமென்றே தொகுத்தவரும் குறிக்கின்றார். இன்றைய நீதிமன்றம் அதனை அவ்வாறே எடுத்தாளும் என்று நாம் கூறவரவில்லை. தந்தை இறந்த பின்னுங் கடன் இறவாது என எண்ணிய ஒரு சமூகத்தின் வழித்தோன்றல்கள், விமானம் ஏறியவுடன் கடன் இறந்துவிட்டது என எண்ணுவது எவ்வாறு என்றே வினவுகின்றோம்.

கடன் இறக்கவில்லை; தோள் மாறுகின்றது, அவ்வளவே. எமக்கு நன்கு தெரிந்த ஆசிரியர் ஒருவர் தம் பழைய மாணவனொருவனின் வங்கிக் கடனுக்குப் பிணை நின்றார். மாணவன் இரண்டு தவணை கட்டினான். பின்னர் இலண்டன் சென்றான். வங்கியின் கடிதம் ஆசிரியரைத் தேடி வந்தது. அவர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதி நான்காண்டு கழிக்கப்பட்டது. இதற்கிடையிலே மாணவனின் திருமண அழைப்பிதழ் அழகிய உறையில் வந்து சேர்ந்தது. ஆசிரியர் இன்று அந்த உறைக்குள்ளேதான் வங்கிப் பற்றுச்சீட்டுக்களை வைத்திருக்கின்றார். "ஏன் ஐயா வழக்குப் போடவில்லை?" எனக் கேட்டோம். "நான் படிப்பித்த பிள்ளை" என்றார். கட்டிய பணத்தைக் கடன் பட்டவரிடமிருந்து மீளப் பெறும் உரிமையைச் சட்டம் பிணையாளிக்கு அளிக்கின்றது. கடல் கடந்தவனை எட்டிப் பிடிக்க ஓர் ஆசிரியரின் சம்பளம் போதாது.

தோள் மாறும் மற்றோரிடம் வீடு. மகன் சென்றுவிடுகிறான், தாய் ஊரிலே இருக்கின்றாள். அவள் சந்தைக்குச் செல்லும் நேர்வழி கடைமுகப்பால் போகின்றது. ஆகையால் அவள் குச்சொழுங்கையாற் சுற்றிச் செல்கின்றாள். நல்ல காரியங்களுக்கு அழைத்தால், அங்கே யார் யார் வருவர் என முன்னரே விசாரிக்கின்றாள். மகன் அனுப்பும் பணத்தில் அவளுக்கு உணவுங் கிடைக்கின்றது, மருந்துங் கிடைக்கின்றது. நிமிர்ந்து நடக்கும் நடை மட்டும் கிடைக்கவில்லை.

இனி, இவ்வாறு சென்றோர் கூறும் நியாயங்களை நடுநிலையோடு ஆராய்வோம்.

யுத்த காலத்திலே உயிர் தப்பி ஓடினோம் என்பர் சிலர். இது முழு நியாயமுடையது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோர், கொப்பியைத் திறந்து கணக்குத் தீர்த்துவிட்டு வந்திருக்க வேண்டுமென யாருஞ் சொல்லார். கடன் கொடுத்தோரும் அன்று அதே வீதியிலேதான் நடந்தனர். ஆயினும் இடர் கடனை ஒத்திவைக்குமேயன்றி அழித்துவிடாது. காலூன்றி வாழத் தொடங்கியபின் விசாரித்தல் வேண்டும். கொடுத்தவர் மாண்டிருப்பின் அவர் பிள்ளைகள் இருப்பர். ஒருவரும் இலரெனின், அவர் பெயரால் ஓர் ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தல் தகும்.

நாடே கடன் கொடுக்காது கைவிரித்ததே, நாம் கொடாதிருந்தால் என்ன என்பர் வேறு சிலர். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது உண்மையே. அதன்பின் நடந்ததையும் அவர்கள் நோக்கட்டும். நாடு முகவரியை மாற்றிக்கொண்டு மறையவில்லை. இயலாமையை வெளிப்படக் கூறிற்று. கடன் கொடுத்தோருடன் மேசையில் அமர்ந்தது. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பாடு செய்துகொண்டது. முறிகள் வைத்திருந்தோருடனான மாற்றீடு 2024 திசெம்பரில் நிறைவேறிற்று. அவ்வேற்பாடுகளின் நன்மை தீமை வேறு விவகாரம். இயலாதவன் செய்யவேண்டியது ஒளித்தலன்று, பேசுதல் என்பதற்கு அதுவே சான்றாகும்.

வட்டி கொடியது என்பது மூன்றாவது நியாயம். இதிலும் உண்மை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வலையிற் சிக்கிய பெண்களின் துயரை நாடறியும். முதலுக்கு மேல் முதலாக வட்டி வாங்கியவனுக்கு அறம் துணை நில்லாது. ஆனால் வட்டியின் கொடுமை முதலை விழுங்குதற்கு அனுமதிச்சீட்டாகாது. மேலும், குழுவாகக் கடன்பட்ட பெண்களுள் ஒருத்தி மறைந்தால், அவள் தவணையைக் கடனீந்த கம்பனி சுமக்காது. அக்குழுவில் எஞ்சிய ஏழைப் பெண்களே சுமப்பர்.

காலங் கடந்துவிட்டது என்பது கற்றோர் கூறும் நியாயம். 1871ஆம் ஆண்டு தொட்டு நடைமுறையிலுள்ள கட்டளைச் சட்டம், எழுத்து வாக்குறுதிக்கு ஆறாண்டும் ஈட்டுக் கடனுக்குப் பத்தாண்டும் வழக்கிடும் எல்லையாக வகுத்துள்ளது. ஆயினும் கடன்பட்டவன் அதனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ காலக்கணக்கு மீளத் தொடங்குமெனவும் அதே சட்டம் கூறுகின்றது. நீதிமன்றத்தின் வாயிலை அடைப்பது வேறு, கடனை அழிப்பது வேறு.

மனமிருந்து திருப்பிக் கொடுக்கின்றவர்களும் சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. 2021ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. 2022ஆம் ஆண்டின் நடுவிலே 350 ரூபாவைத் தாண்டிற்று. பின்னர் 300 ரூபாவை அண்மித்து நின்றது. அன்று பத்து இலட்சம் ரூபா வாங்கியவர் ஐயாயிரம் டொலருக்குச் சமமான பொருளைப் பெற்றார். 300 ரூபாவாக மாற்றி அதே பத்து இலட்சத்தைக் கொடுப்பவர் மூவாயிரத்து முந்நூறு டொலர் அளவிலேயே கொடுக்கின்றார். ஊரிலே இருந்தவரோ, 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 வீதமாக உயர்ந்த பணவீக்கத்தை உண்டு கழித்தவர். சட்டத்தின் கணக்குச் சரி. குறியெதிர்ப்பையின் கணக்குச் சரியோ? கொத்தே சிறுத்துவிட்டபோது, அதே கொத்தால் அளந்து கொடுத்தேன் என்பது நிறைந்த பதிலாகாது. வெளிநாட்டு நாணயத்தில் உழைப்பவர், கேளாமலே சிறிது கூட்டிக் கொடுத்தல் பெருந்தன்மையன்று, அளவு சரிசெய்தலேயாம்.

கல்விக்கடனைப் பற்றியும் ஒரு சொல். 1945ஆம் ஆண்டு தொட்டு இந்நாட்டிலே இலவசக் கல்வி நடைபெறுகின்றது. அதனைப் பெற்ற ஒவ்வொருவரும் பணமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் எனல் பொருந்தாது. அஃது எவரும் கையொப்பமிட்டு வாங்கிய கடனன்று, நன்றிக்குரிய கொடை. ஆயின் சம்பளத்தோடு கற்கை விடுமுறை பெற்று, மீண்டு வந்து பணிபுரிவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுத்துவிட்டு மீளாதிருக்கும் விரிவுரையாளர் நிலை வேறு. பாராளுமன்றத்தின் கோப் குழுவிலும் இவ்விடயம் பேசப்பட்டுள்ளது. அவர்தம் பிணைமுறியிலும் சக ஆசிரியரின் கையொப்பம் இருக்கின்றது. மீளாதிருக்க விரும்பின் மீளாதிருக்கலாம். முறியிலுள்ள பணத்தைக் கட்டித் தீர்த்தல் வேண்டும்.

புறப்பட ஆயத்தமாவோருக்கு நாம் கூறுவது இது. பெட்டி கட்டுமுன் ஒரு தாளிலே கடன்களை எழுதுக. கடைக் கணக்கு, கைமாற்று, அடகு, சீட்டு, வங்கி என யாதும் விடாது எழுதுக. ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு, "நான் போகிறேன், இன்ன காலத்துக்குள் அனுப்புவேன்" எனக் கூறி, முகவரி கொடுக்க. பிணை நின்றோருக்கு ஈடாகக் காணியோ நகையோ இருப்பின் ஒழுங்கு செய்க; நம்பத்தக்க ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி வைக்க. சென்ற இடத்திலே முதலாண்டு கடினமாயிருக்கும். வேலை இராது, வதிவுரிமை இராது. அப்போது பணம் அனுப்ப இயலாவிடின் சொல்லாவது அனுப்புக. கொடுத்தவரை வருத்துவது பணம் வராமை மட்டுமன்று. தொலைபேசி எடுக்கப்படாமையும் ஆகும். கை நிமிரும்போது முதலிற் சிறியோர் கடனைத் தீர்க்க. வங்கி பொறுக்கும், கடைக்காரர் பொறுத்தால் அவர் அடுப்பு அணையும்.

கொடுத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். ஓடியவனின் தாயை வீதியிலே மறித்து வைதல் அறமன்று. அவள் வாங்கியவளல்லள். வந்து ஒப்புக்கொள்பவனைச் சபையிலே நாணச் செய்தலும் ஆகாது; ஒருவனை நாணச் செய்தால், வர நினைத்திருக்கும் பத்துப்பேர் வராதிருப்பர்.

அக்கனடா அன்பர் தீயவரென்று நாம் கருதவில்லை. தீயவராயின் கோயிலை நினைந்திரார். சிறிய தொகைதானே, அவர் மறந்திருப்பார் என எண்ணியிருக்கலாம். கொடுத்தவர் மறப்பதில்லை, கேட்பதை மட்டுமே விடுகின்றார். அடுத்த திருவிழாவுக்கு அவர் ஊர் வருவதாகக் கேள்வி. வரும்போது, சுவாமி தரிசனத்துக்கு முன்னரோ பின்னரோ, அக்கடை வாயிலில் ஒரு கணம் நிற்பாராக. பலகையில் அவர் பெயர் நெடுங்காலம் நிற்கட்டும்; கொப்பியிலே அதன்மேல் ஒரு கோடு விழட்டும். அன்று அவருடைய தாயும் நேர்வழியாற் சந்தைக்குப் போவார்.