கும்ப்ளே, அஸ்வின், ஒரு சாங்ஷன் நோட்

எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிளில் ஒரு சண்டை 2023 ஜூனில் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் அஸ்வினை உட்கார வைத்தது சரியா தப்பா என்பதுதான் விஷயம். நான் வாயைத் திறந்தாலே கன்னட நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ஸார், நீங்க தமிழ். அதான் அஸ்வினுக்கு வக்காலத்து!"

சரி, அப்படியானால் உங்க ஊர்க்காரரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எம்.ஜி. ரோடு முனையில், சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கிளுக்கு அனில் கும்ப்ளே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த கும்ப்ளேயை 2003 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் ஆட விடவில்லை. ஹர்பஜன் ஆடினார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 'கும்ப்ளே பந்து வெளிநாட்டில் எடுபடாது.' அதற்கு நம்பரும் இருந்தது. 1999-2000ல் ஆஸ்திரேலியாவில் ஆடிய மூன்று டெஸ்டில் மொத்தமே 5 விக்கெட்.

அப்புறம் என்ன ஆச்சு? ஹர்பஜனுக்கு விரலில் காயம், அதனால் கும்ப்ளே உள்ளே வந்தார். அடிலெய்டு, மெல்போர்ன், சிட்னி மூன்றிலும் சேர்த்து 24 விக்கெட். சிட்னி முதல் இன்னிங்ஸில் மட்டும் 8. ஒரு விரல் காயப்படாமல் இருந்திருந்தால் அந்த 24 விக்கெட்டை யாரும் பார்த்திருக்கவே மாட்டோம்.

இப்போது ஓவலுக்கு வருவோம். அஸ்வின் அன்றைக்கு டெஸ்ட் பௌலர் ரேங்கிங்கில் நம்பர் ஒன். அந்த ஃபைனலுக்கு இந்தியாவைக் கொண்டுபோன இரண்டு வருஷத்தில் 13 டெஸ்ட், 61 விக்கெட், நம்ம அணியில் அவர்தான் அதிகம். இருந்தும் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள், சுழலுக்கு ஜடேஜா மட்டும் என்று முடிவாயிற்று. மேகமூட்டம், ரோஹித் டாஸ் ஜெயித்து ஃபீல்டிங் எடுத்தார். ஆஸ்திரேலியா 76க்கு 3. அதற்கப்புறம் ஹெட்டும் ஸ்மித்தும் சேர்ந்து 285 ரன். கடைசியில் 209 ரன்னில் தோற்றோம்.

தோற்றதால் முடிவு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது சின்னப்பிள்ளைத்தனம். கடன் கொடுக்கும் வேலையில் முதலில் கற்றுக்கொள்வதே இதுதான். கணக்கு என்.பி.ஏ. ஆகிவிட்டது என்பதாலேயே சாங்ஷன் பண்ணியவன் தப்பு செய்தான் என்று ஆகாது. ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டார் என்பதாலேயே சாங்ஷன் சரி என்றும் ஆகாது. முடிவு எடுத்த அன்று கையில் என்ன தகவல் இருந்தது, அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. இதே ஓவலில் 2021 செப்டம்பரில் அஸ்வின் இல்லாமல் ஆடி 157 ரன்னில் ஜெயித்தோம். அந்த வெற்றியும் எதையும் நிரூபிக்கவில்லை.

சரி, கையில் என்ன தகவல் இருந்தது? ஆஸ்திரேலிய பதினொருவரில் ஐந்து பேர் இடது கை: வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க். டெஸ்டில் 200 இடது கை ஆட்டக்காரர்களை அவுட் ஆக்கிய முதல் பௌலர் அஸ்வின். வார்னரை மட்டும் 11 தடவை எடுத்தவர். 'இங்கிலாந்து மேகத்துக்கு அவர் சரிப்பட மாட்டார்' என்பீர்கள். 2021 ஜூன், சவுத்தாம்ப்டன், மழையும் மேகமுமாக இன்னொரு ஃபைனல். அதில் அஸ்வினுக்கு 4 விக்கெட்: லேதம் இரண்டு முறை, வேக்னர், கான்வே. நாலுமே இடது கை!

அடுத்த வாதம், 'அவர் 537 விக்கெட்டில் 383 இந்தியாவில் எடுத்தது. இங்கிலாந்தில் எத்தனை?' 2014 முதல் அந்த ஃபைனல் வரை இந்தியா இங்கிலாந்தில் ஆடியது 17 டெஸ்ட். அதில் அவர் ஆடியது 7. ஆட விடமாட்டோம், ஆனால் ஆடிய கணக்கு பத்தாது என்போம். சிபில் ஸ்கோர் இல்லாதவருக்குக் கடன் இல்லை, கடனே வாங்காதவருக்கு சிபில் ஸ்கோர் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதே பதிலைச் சொன்னவன் நான். அது எவ்வளவு வசதியான பதில் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்க பேஸ்பால்காரர்களைப் பாருங்கள். சீசன் முழுக்க ஐந்து பேரை ஸ்டார்ட்டிங் பிட்சராக மாற்றி மாற்றிப் போடுவார்கள். ப்ளேஆஃப் வந்ததும் பட்டியல் மூன்று நாலாகச் சுருங்கும். பரீட்சை பெரிதாக ஆக ஆக, இருப்பதில் நல்லவன் கைக்கே பந்து அதிகம் போகும். நாம் ஃபைனல் அன்றைக்கு நம்பர் ஒன்னை தண்ணீர் தூக்க அனுப்புகிறோம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜடேஜா நல்ல பேட்ஸ்மேன். புல் இருந்த பிட்ச். முதல் நாள் காலை பந்து ஆடத்தான் செய்தது. நம்பர் மட்டும் போதும் என்றால் 2003ல் கும்ப்ளேயை உட்கார வைத்தவர்களும் சரிதான், அவர்களிடமும் நம்பர் இருந்ததே! மூன்று டெஸ்டைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் அந்த ஆள் என்ன கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஆகவே என் சண்டை நம்பருக்கும் அனுபவத்துக்கும் நடுவில் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த நம்பர் என்று யோசிக்காமல், முதலில் முடிவெடுத்துவிட்டு அதற்கு ஏற்ற நம்பரைத் தேடுகிறார்களே, அதோடுதான் சண்டை.

இன்னொன்று. மேகம் வந்தால் பேட்ஸ்மேனை யாராவது உட்கார வைக்கிறார்களா? 'இவருக்கு ஸ்விங் ஆகாது, இன்றைக்கு வேறு ஆள்' என்று ஒரு பெரிய பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஊரே ரெண்டாகிவிடும். பிட்சைப் பார்த்து வெளியே போகும் தியாகம் எப்போதும் பௌலருக்குத்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு சின்ன வியாபாரியின் அப்ளிகேஷனைத் திருப்பி அனுப்பினால்கூட நான் ஃபைலில் காரணம் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்பார். நூறு கோடி பேர் பார்க்கும் ஒரு முடிவுக்கு அப்படி ஒரு பக்க நோட் எழுதக் கூடாதா? எந்தக் கணக்கைப் பார்த்தோம், எத்தனை வருஷத்துக் கணக்கு, எதிரணியில் யார் யார், அதனால் இவர் வேண்டாம். மேட்ச் நடக்கும் முன்பே எழுதி வைத்து, தொடர் முடிந்ததும் வெளியிடட்டும். தப்பாகப் போனாலும் பரவாயில்லை, அடுத்த தடவைக்குப் பாடமாவது இருக்கும்.

2024 கடைசியில் ஆஸ்திரேலியா போனோம். பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று ஸ்பின்னர். அந்தப் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த டிசம்பர் 18 அன்று, தொடரின் நடுவிலேயே அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 21 வருஷத்துக்கு முன்னால் கும்ப்ளே வெளியே உட்கார்ந்திருந்த அதே மைதானம்.

கன்னட நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "கும்ப்ளேக்காவது சர்க்கிள் கெடச்சது ஸார்" என்றார். முதல் தடவையாக அந்த டேபிளில் சண்டை வரவில்லை :-)