போலீஸ் ரகசிய ஏடுகள்: பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவருக்குப் போலீஸ் நிலையத்துடன் ஏற்படும் முதல் தொடர்பு பெரும்பாலும் குற்றத்தால் அல்ல, ஒரு சான்றிதழால்தான். வாட்ச்மேன் வேலையானாலும், கம்பெனியில் குமாஸ்தா வேலையானாலும், பாஸ்போர்ட்டானாலும், "இவர் பேரில் ஏதேனும் உண்டா?" என்ற கேள்வி ஸ்டேஷனுக்குப் போகிறது. முன்பு ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். இப்போது கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அங்கிருந்து வரும் ஒரு வரிப் பதிலில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஏட்டில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரிவதில்லை.

ஆகவே, குற்றத் தகவல்களைப் போலீஸ் இலாகா எப்படிச் சேர்க்கிறது, யாரிடமிருந்து மறைக்கிறது, யாரிடம் கொடுக்கிறது என்பது போலீசாரின் உள் விவகாரம் மட்டுமல்ல. சாதாரணக் குடிமகனின் விவகாரமும்தான்.

ரகசியம் ஏன்?

ரகசியமே கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. திருட்டுச் சரக்கு எங்கே இறங்குகிறது, கள்ளநோட்டு யார் கையில் புழங்குகிறது என்பதைப் போலீசாருக்குச் சொல்பவர் பெரும்பாலும் அதே தெருவில் வசிப்பவர். அவர் பெயர் வெளியே வந்தால் மறுநாள் அவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. இதனால்தான், குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் காலத்துச் சாட்சியச் சட்டத்தின் 125-வது பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 131-வது பிரிவாக அது நீடிக்கிறது.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதே பாதுகாப்பை அளிக்கிறது. தகவல் தந்தவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும், ஒருவரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய விவரங்களையும் தர வேண்டியதில்லை. விசாரணைக்கு இடையூறாகும் விவரங்களுக்கும் விலக்கு உண்டு. மத்திய உளவுத்துறை போன்ற அமைப்புகள் இந்தச் சட்டத்துக்கு வெளியிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் லஞ்ச ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

பூட்டியே வைத்தால்?

தகவலைக் காப்பாற்றுவது வேறு, முடக்கி வைப்பது வேறு. 2008 நவம்பர் 26-ல் பம்பாயில் நடந்த தாக்குதல் இதைக் கண்கூடாகக் காட்டியது. கடல் வழியாகத் தாக்குதல் வரக்கூடும், பெரிய ஓட்டல்கள் குறியாகக் கூடும் என்ற எச்சரிக்கைகள் அதற்கு முன்பே வந்திருந்தன. அவை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கப்பட்டு, உரியவரிடம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதே பிறகு எழுந்த முக்கியமான குறை. நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதன் பிறகுதான் தகவல்களை இணைக்கும் வேலை வேகம் பிடித்தது. கார்கில் போருக்குப் பின் தொடங்கிய பல்துறை உளவு மையம் வலுப்படுத்தப்பட்டது. 2009-ல் சுமார் இரண்டாயிரம் கோடி ரூபாய்த் திட்டமாக, நாட்டிலுள்ள போலீஸ் நிலையங்களைக் கம்ப்யூட்டர் வலைப்பின்னலால் இணைக்கும் 'சி.சி.டி.என்.எஸ்.' ஏற்பாட்டுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது. இன்று பெங்களூரில் பதிவாகும் வழக்கைச் சேலத்திலிருந்தும், மதுரையில் பதிவானதைத் தில்லியிலிருந்தும் அதிகாரிகள் பார்க்க முடிகிறது.

குற்றவாளியைப் பிடிக்க இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் தவறாக எழுதப்பட்ட ஒரு பெயரும் இதே வேகத்தில் நாடு முழுவதும் பரவும்.

ஏட்டில் ஏறும் பெயர்

பெயர் ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடம் அல்ல. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதிகளில் பிறந்தவரையெல்லாம் குற்றவாளிகளாகவே பதிவு செய்தது. கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் அச்சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. சட்டம் போயிற்று, ஏடு போகவில்லை. தனி மனிதர்களுக்கான சரித்திர ஏடு - 'ஹிஸ்டரி ஷீட்' - ஸ்டேஷன்களில் தொடர்ந்தது. கர்நாடகத்தில் 'ரவுடி ஷீட்' என்ற பெயர் எல்லோருக்கும் பழக்கமானது.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவர் பேரில் ஏடு திறக்கப்பட்டது. நள்ளிரவில் கான்ஸ்டபிள்கள் கதவைத் தட்டி, ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் தொடுத்த வழக்கில், இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1962 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மற்றக் கண்காணிப்புகளை அது தடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று அன்று கூறிய பெரும்பான்மைக் கருத்தை, 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ரத்து செய்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பது பெங்களூர் வாசகர்கள் அறிந்ததே.

இடையில், மாலக் சிங் வழக்கில் இன்னொரு முக்கியமான வரையறை கிடைத்தது. கண்காணிப்பு ஏடு ரகசியமானதே. பெயரைச் சேர்க்கும் முன் நோட்டீஸ் தர வேண்டியதில்லை. ஆனால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். கண்காணிப்பு குற்றத்தைத் தடுப்பதற்கு மட்டுமே இருக்க வேண்டும். ஒருவரின் மானத்தையும் நடமாட்டத்தையும் பாதிக்கக் கூடாது. அத்துமீறல் என்று புகார் வந்தால் கோர்ட் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மற்றவரிடமிருந்து மறைக்கலாம், நீதியிடமிருந்து மறைக்க முடியாது என்பதே இதன் சாரம்.

2024 மே மாதம் தில்லி எம்.எல்.ஏ. அமானத்துல்லா கான் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மேலும் ஒரு படி சென்றது. சரித்திர ஏடு போலீசாரின் உள் ஆவணம். அது பகிரங்கமாகக் கிடைக்கும் அறிக்கை ஆகிவிடக் கூடாது. வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரின் விவரங்களைக் காரணமின்றி அதில் எழுதக் கூடாது. மூத்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது ஏடுகளைத் தணிக்கை செய்ய வேண்டும். தாழ்த்தப்பட்ட, பின்தங்கிய வகுப்புகளில் பிறந்த ஏழைகள் என்பதற்காகவே அப்பாவிகளின் பெயர்கள் இயந்திர கதியில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது பற்றி எல்லா மாநிலங்களும் பரிசீலிக்க வேண்டும் என்றும் கோர்ட் கூறியது. அறிவுரை நல்லதே. ஆனால் தணிக்கை செய்பவரும் அதே இலாகா அதிகாரியாக இருப்பது எவ்வளவு தூரம் பலன் தரும் என்ற கேள்வி எழுகிறது.

கசிவது எங்கே?

இது ஒருபுறமிருக்க, இவ்வளவு கெடுபிடியாகப் பூட்டப்படும் தகவல்கள் உள்ளிருந்தே கசிவதும் உண்டு. 2013-ல் தில்லியில் அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லியின் டெலிபோன் அழைப்பு விவரங்களைப் பெற முயன்றதாக ஒரு கான்ஸ்டபிளும் தனியார் துப்பறிவோர் சிலரும் கைதானார்கள். மேலதிகாரியின் மின்னஞ்சலைப் பயன்படுத்தி விவரம் கேட்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு. பெரிய தலைவரானதால் விஷயம் வெளிவந்தது. சாமானியர் ஒருவரின் விவரம் இப்படிக் கைமாறினால் அது அவருக்குத் தெரியவே வழியில்லை.

2024 மே மாதம் தமிழ்நாடு போலீசாரின் முக அடையாளம் காணும் கம்ப்யூட்டர் தளத்திலும் அந்நியர் நுழைந்தனர். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவு போனதே காரணம் என்றும், அக்கணக்குக்கு இருந்த அதிகாரம் குறைவே என்றும் போலீசார் விளக்கமளித்தனர். அந்த விளக்கத்தை ஏற்றாலும் பாடம் ஒன்றுதான்: இரும்புப் பீரோவுக்கு ஒரு சாவி, கம்ப்யூட்டருக்கு ஆயிரம் சாவிகள். ஒன்று தொலைந்தாலும் போதும்.

இந்த நிலையில்தான் சேகரிப்பு பெருகுகிறது. 1920-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் வந்த அடையாளச் சட்டம், கைரேகையுடன் கருவிழிப் பதிவு உள்ளிட்டவற்றையும் எடுக்க அனுமதிக்கிறது. அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் வழக்கின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து விடுதலையானாலோ, கோர்ட் வேறு விதமாக உத்தரவிடாத வரை பதிவுகளை அழிக்க வேண்டும் என்ற நல்ல விதியும் அதில் உண்டு. ஆனால் வழக்கு தர்மபுரியில், விடுதலை சென்னையில், பிழைப்பு பெங்களூரில் என்றிருப்பவரின் தீர்ப்பு நகல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா, பதிவு திருத்தப்பட்டதா என்று யார் பார்ப்பது? 2023-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், குற்றத் தடுப்பு, புலனாய்வு ஆகிய பணிகளுக்குப் பெரும் விலக்கு அளித்துவிட்டது.

செய்ய வேண்டியது

தகவல் தருபவரின் பெயருக்கு இரும்புப் பூட்டு வேண்டும். அதில் தளர்வு கூடாது. ஆனால் ஒருவரைப் பற்றி எழுதப்பட்டது சரியா, தவறா என்று சோதிக்க இலாகாவுக்கு வெளியே ஒரு கண் வேண்டும். ஏட்டைத் திறந்தவர் யார், எந்த நேரத்தில், எதற்காக என்பது தானாகவே பதிவாக வேண்டும். அந்தப் பதிவை ஆண்டுதோறும் வேறொரு அமைப்பு சரிபார்க்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு கோர்ட்டிலிருந்து நேராகவே போலீஸ் ஏட்டுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் இணைப்பு இருக்கும் காலத்தில் இது முடியாத காரியமல்ல.

அதுவரை, என்றோ ஒரு வழக்கில் சிக்கி விடுதலையானவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். வழக்குப் பதிவான மாவட்டத்தின் சூப்பிரண்டுக்கு, அல்லது நகரமானால் கமிஷனருக்கு, நகலை இணைத்து எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். பதில் இல்லையேல் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். அதற்கும் பலனில்லையேல் ஹைகோர்ட் இருக்கிறது. அலைச்சல்தான், செலவும்தான். ஆனால் திருத்தப்படாத ஒரு வரி பிள்ளையின் பாஸ்போர்ட் வரை துரத்தி வரலாம் என்பதை நினைத்தால், ஒரு நாள் சம்பளம் போனாலும் அந்த மனுவைக் கொடுத்துவிடுவதே மேல்.