பெயரில் இல்லை ஆபத்து

2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. கடைசிக்கட்ட மருந்தாகக் கருதப்படும் கார்பபெனத்துக்கும் கட்டுப்படாத பாக்டீரியா சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காணப்பட்டதாக அக்கட்டுரை தெரிவித்தது. ஆனால், உறுப்பினர்களின் கோபம், அக்கிருமி உற்பத்தி செய்யும் நொதிக்கு 'நியூ தில்லி'யின் பெயர் சூட்டப்பட்டதன் மீதே திரும்பியது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பெயருக்காக 2011 ஜனவரியில் 'லான்செட்' ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார்.

பெயர்ச் சர்ச்சை ஓய்ந்தது. என்.டி.எம்.-1 எனப்படும் அந்த நொதியோ ஓயவில்லை. பெனிசிலின் முதல் கார்பபெனம் வரையிலான மருந்துகளின் மூலக்கூறில் 'பீட்டா லாக்டம்' என்ற வளையம் உண்டு. அதை உடைத்து மருந்தைச் செயலிழக்கச் செய்வதே இந்நொதியின் வேலை. இதற்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. அம்மரபணுவில் ஏற்பட்ட சடுதிமாற்றத்தால், ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய என்.டி.எம்.-4, கார்பபெனத்தை முன்னதைவிடத் திறம்படச் சிதைப்பதாக 2012-இல் கண்டறியப்பட்டது. இரண்டு அமினோ அமிலங்கள் மாறிய என்.டி.எம்.-5 இன்று பல நாடுகளில் காணப்படுகிறது.

சடுதிமாற்றம் தற்செயலானது, அதற்கு யாரையும் குறைகூற முடியாது. ஆனால், மாறிய கிருமிக்கு இடம் ஒதுக்கித் தருவது மனிதர்களே. வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் தேவையின்றி ஆன்டிபயாடிக் விழுங்கும்போது எளிய கிருமிகள் மடிகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. தில்லியில் 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் என்.டி.எம்.-1 மரபணு இருந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

முக்கிய ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற 'ஹெச்-1' அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. விதி வகுத்தது மத்திய அரசு. கடைகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது மாநில அரசுகள். இந்த இடைவெளியில்தான் விதி ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

மருந்துகள் கைவிட்டால், எளிய அறுவைச் சிகிச்சையும் பிரசவமும்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். பெயருக்காகக் குரல் எழுப்பிய நாடாளுமன்றம் இப்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எத்தனை கடைகளின் பதிவேடுகள் சோதிக்கப்பட்டன? எத்தனை உரிமங்கள் ரத்தாயின? தலைநகரின் கெளரவம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.