வேகத்தடைக்கும் தலைக்கட்டு வரியா?

தெருவில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதை மறுத்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே கணக்கு. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. வீட்டுக்கு இரண்டாயிரம் என்று வசூலித்து ஒரு தெரு தனக்கான வேகத்தடையை வாங்கிக்கொள்ளும்போது, அதோடு சேர்த்து வேறு எதை வாங்குகிறது?

நான் வாடகைக்குக் குடியிருக்கும் தெரு சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிறது. முந்நூறு மீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனையில் பேருந்து போகும் சாலை. மறுமுனையில் வாரியக் குடியிருப்பு. அதற்குப் பின்னால், நகரம் இங்கு வந்து சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கும் சேரி. அரசு ஆவணத்தில் இன்று அதன் பெயர் 'நகர்' என்று முடிகிறது. எங்கள் தெருக்காரர்களின் பேச்சில் அது 'அந்தப் பக்கம்'. அந்தப் பக்கத்து மக்கள் பேருந்துக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் போக இந்தத் தெருதான் வழி. காலையில் எங்கள் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களும், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களும் நடந்து வருவதும் இதே வழியில்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மீது பைக் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. குடியிருப்போர் நலச்சங்கம் கூடியது, வாட்ஸ்அப் குழுவில் வசூல் பட்டியல் வந்தது. ஆய்வு மாணவர்களுக்கு எந்தத் தாளையும் கடைசி வரி வரை வாசிக்கிற பழக்கம் உண்டு. நான்கு வேகத்தடைகள், 'மெதுவாகச் செல்லவும்' பலகைகள், முனைக்கு ஒரு குவிஆடி. இதுவரை சரி. கடைசி இரண்டு வரிகளில், வாரியக் குடியிருப்பை ஒட்டிய முனையில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை பூட்டப்படும் இரும்பு கேட் ஒன்று. அதற்கு ஒரு வாட்ச்மேன். செலவில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும்தான். 'நம் தெரு பாதுகாப்பு நிதி' என்று மேலே தலைப்பு.

பெரியவர் மீது மோதிய வண்டி எங்கள் தெரு வீட்டுப் பையனுடையது. எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் குழுவில் அறிவுரை சொன்னார்கள், 'பசங்கன்னா அப்படித்தான்' என்றார்கள், விட்டுவிட்டார்கள். அதே மூச்சில் 'புள்ளிங்கோ தொல்லை', 'நம்பர் பிளேட் இல்லாத வண்டி', 'வெளியாட்கள்' என்று இன்னொரு உரையாடல் ஓடியது. நம் வீட்டுப் பையன் வேகமாக ஓட்டினால் அது வயசு. அந்தப் பக்கத்துப் பையன் ஓட்டினால் அது குற்றம். வேகத்துக்குச் சாதி இல்லை என்பார்கள். ஆனால் வேகத்தைப் பற்றிய புகாருக்கு முகவரி இருக்கிறது.

கேட் வந்தால் யாருக்கு என்ன ஆகும்? இரவுப் பணி முடிந்து பதினொன்றுக்குத் திரும்பும் செக்யூரிட்டி ஊழியர், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண், நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பூக்காரம்மா, இவர்கள் எல்லோரும் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். அல்லது வாட்ச்மேனிடம் காரணம் சொல்லி வழி கேட்க வேண்டும். பொதுத் தெருவில் நடப்பதற்கு அனுமதி கேட்க வைப்பதற்குப் பெயர் போக்குவரத்து ஒழுங்கா?

வாரியக் குடியிருப்பில் வசிக்கும் தம்பி ஒருவர் செய்தி கேள்விப்பட்டு ஐந்நூறு ரூபாயோடு சங்கச் செயலாளரிடம் வந்தார். 'எங்க பிள்ளைங்களும் இந்த ரோட்லதான் சார் ஸ்கூலுக்குப் போகுது. எங்க பக்கமும் ஒண்ணு போட்டுத் தாங்க' என்றார். செயலாளர் கோபப்படவில்லை. தோளில் கை வைத்து, 'உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம், நாங்க பாத்துக்கிறோம்' என்று அனுப்பிவிட்டார். குழுவில் இதைப் பெருந்தன்மை என்று பாராட்டி நாலைந்து பேர் கைகூப்பினார்கள்.

இந்தப் பெருந்தன்மையை நமக்கு வெகுகாலமாகத் தெரியும். ஊர்க்கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். எத்தனையோ ஊர்களில் அந்த வரியைத் தலித் குடும்பங்களிடம் வாங்குவதில்லை. ஏழைகள் பாவம் என்ற இரக்கத்தினாலா? வரி வாங்கினால் மரியாதை தர வேண்டும், வடம் பிடிக்க விட வேண்டும், தேர் அவர்கள் தெருவுக்கும் போக வேண்டும். வரி கொடுத்தவர் பங்காளி ஆகிவிடுவார். அதனால்தான் எங்களிடமும் வரி வாங்கு என்பதே பல ஊர்களில் தலித் மக்களின் உரிமைக் கோரிக்கையாக இருக்கிறது. நகரத்துத் தெருவில் தேர் இல்லை, வேகத்தடை இருக்கிறது. பட்டியலில் பெயர் சேராதவருக்கு அது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லை, கேட் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. அந்த ஐந்நூறு ரூபாயைத் திருப்பி அனுப்பியதன் பொருள் அதுதான்.

தெரு என்பது நமக்கு யாரும் தானம் கொடுத்த பொருள் இல்லை. 1893-இல் அய்யன்காளி வில்வண்டி ஏறி ஓட்டியது பொதுச்சாலையில் தன் மக்களுக்கு உரிமை உண்டு என்று காட்டத்தான். 1924-இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கான போராட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத்தெருவிலும் பொதுவழியிலும் நடக்கத் தடையில்லை என்ற அந்தத் தீர்மானம் நிறைவேறி, அடுத்த ஆண்டு அரசிதழிலும் வந்தது. அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், சாலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதையும் தனித்தனியே குற்றம் என்கிறது. நூறாண்டு கழித்தும் சட்டத்தில் இப்படி எழுத வேண்டிய தேவை இருந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

'கேட்டையும் தீண்டாமைச் சுவரையும் ஒன்றாகப் பேசலாமா' என்று குழுவில் ஒருவர் கேட்டார். உத்தபுரத்தில் 1989-இல் எழுப்பிய சுவருக்குச் சொன்ன காரணமும் பாதுகாப்புதான். அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே மாதம் வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் இருந்தது ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலை அது இடிந்து விழுந்து 17 பேரைக் கொன்றது. இறந்தவர்கள் அனைவரும் தலித்துகள். சுவர் கட்டுகிற யாரும் 'இது சாதிச் சுவர்' என்று பலகை மாட்டிக் கட்டுவதில்லை. அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் அதன் பெயர் இருக்கிறது.

சரி, கேட்டை நீக்கிவிட்டால், வசூல் செய்து வேகத்தடை மட்டும் போட்டால் தவறில்லையா? அங்கும் எனக்கு மறுப்பு உண்டு. 2022-இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. கார் வாங்க முடியாதவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். ஆனால் வசூல் நடப்பது கார் நிற்கும் தெருக்களில். எங்கள் தெருவில் நான்கு தடைகள் வரும். வாரியக் குடியிருப்பு வாசலில் இருக்கும் அங்கன்வாடி முன்னால் ஒன்றுகூட வராது, அங்கே தண்ணீர் லாரியும் மணல் லாரியும் திரும்பினாலும். ஆபத்து எங்கே அதிகம் என்று பார்க்காமல் பணம் எங்கே அதிகம் என்று பார்த்து உயிர்காக்கும் ஏற்பாடு செய்வதுதான் இந்த வசூலின் விளைவு.

அரசும் இதற்குத் துணைபோகிறது. 'நமக்கு நாமே' திட்டம் 1997-இல் தொடங்கியது, 2021-இல் நகரங்களுக்கெனப் புதிதாக வந்தது. அதன் பொதுவிதி, மக்கள் பங்காக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது கட்டினால் மீதியை அரசு போடும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு லட்சம் திரட்ட முடிந்த தெருவுக்கு மேலும் இரண்டு லட்சம் பொதுப்பணம் வரும். பத்தாயிரம்கூடத் திரட்ட முடியாத தெருவுக்கு என்ன வரும்? ஏழையும் கட்டுகிற ஜிஎஸ்டி-யிலிருந்து வரும் பணம், முன்பணம் வைத்திருப்பவரைத் தேடிப் போகிறது. இந்த நாட்டில் நிலமும் வீடும் சேமிப்பும் எந்தச் சாதிகளின் கையில் குவிந்திருக்கின்றன என்பது தெரிந்தவர்களுக்கு, இந்த விதி யாருக்குச் சாதகம் என்று விளக்க வேண்டியதில்லை.

வசூலில் போடும் வேகத்தடை வேலையாவது செய்கிறதா? இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் வேகத்தடைக்கு அளவு இருக்கிறது. 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மேற்புறம் வளைவாக, மணிக்கு 25 கிலோமீட்டரில் வண்டி ஏறி இறங்கும்படி. மேலே பளிச்சென்ற வண்ணப் பட்டைகள், சற்று முன்னதாக எச்சரிக்கைப் பலகை. நம் தெருக்களில் இருப்பதைப் பாருங்கள். மேஸ்திரி மிச்சக் கான்கிரீட்டைக் கொட்டி, அரை மீட்டர் அகலத்தில் முழங்கால் மாதிரி நிமிர்த்திவிட்டுப் போகிறார். இரவில் கண்ணுக்குத் தெரியாது. கார் கொஞ்சம் குலுங்கும். பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வரும் பெண் விழுவார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அரசு அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. மாநகராட்சி போட்டால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். சங்கம் போட்ட மேட்டில் விழுந்தவர் யாரிடம் போவார்?

'மாநகராட்சி வரவே மாட்டேன் என்கிறதே, சாகச் சொல்கிறீர்களா?' இது நேர்மையான கேள்வி. நெதர்லாந்தில் இதே கேள்வி எழுந்தது. 1971-இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு சாலைகளை மறித்தார்கள், குழந்தைகளைத் தெருவில் விளையாட விட்டார்கள், ஆட்சியாளர்களின் வாசலுக்குப் போனார்கள். டெல்ஃப்ட் நகரில் மக்கள் முதலில் செய்து காட்டியதை 1976-இல் அரசு சட்டமாக்கியது. குடியிருப்புத் தெருவில் நடப்பவருக்கே முதலிடம் என்பது நாடு முழுவதற்கும் விதி ஆனது. தங்கள் தெருவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால், மற்ற தெருக்களில் குழந்தைகள் தொடர்ந்து செத்திருப்பார்கள்.

நமக்கும் வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அவை ஒழுங்காகக் கூடுவதில்லை என்றால், கூட்டு என்று கேட்பதே முதல் போராட்டம். எங்கள் தெருவின் வாடகைக்காரர்கள் சிலரும் வாரியக் குடியிருப்புத் தோழர்களும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் வேகத்தடை அங்கன்வாடி முன்பு, இரண்டாவது பள்ளிக்குத் திரும்பும் முனையில், அளவு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு, எந்த முனையிலும் கேட் கூடாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். இன்னும் பதில் வரவில்லை, விடப்போவதில்லை.

இதை வாசிக்கும் நீங்களும் ஏதோ ஒரு தெருவில் குடியிருப்பீர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருநாள் க்யூஆர் கோடு வரும். உங்களில் பலர் சாதி ஒழிப்பைப் பேச மேடைக்கும் போராட்டத்துக்கும் போகிறவர்கள். அப்பா அம்மா தலைவராகவும் பொருளாளராகவும் இருக்கும் நலச்சங்கத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஸ்கேன் செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தெருவில் நடக்கிற எல்லோரிடமும் கேட்டீர்களா? பட்டியலில் கேட் இருக்கிறதா? இதே கோரிக்கையை அந்தப் பக்கத்து மக்களோடு சேர்ந்து மாநகராட்சியிடம் வைக்க உங்களுக்கு என்ன தடை? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல எல்லோரும் திணறுவார்கள். அந்தத் தடை என்னவென்று எல்லோருக்கும் தெரியும், வாயால் சொல்லத்தான் கூச்சம். அதைச் சொல்ல வைக்காமல் இரண்டாயிரத்தை அனுப்பிவிடாதீர்கள்.