பறவைக் காய்ச்சலும் பன்றிக் கொட்டில்களும்

திருமலைக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. வண்டியில் செல்வோரும் அவ்வாயிலைக் கடந்தே மலையேறுகின்றனர். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நாளொன்றுக்கு 60,000-க்கு மேற்பட்ட மக்கள் வந்து கூடித் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். அடிவார நகரமாகிய திருப்பதியில் 1955-ஆம் ஆண்டிலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக அது இன்று விளங்குகின்றது. பன்றிகளைப் பற்றிய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் தொடக்ககால மையங்களுள் ஒன்றும் இந்நகரமேயாகும். சுற்றியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கோழிப் பண்ணைகளுக்கும் குறைவில்லை. மக்கட் கூட்டமும் கோழியும் பன்றியும் இவ்வளவு அருகருகே அமைந்த வட்டாரத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. கோழிகளுக்கு வரும் இன்ஃபுளுயன்ஸா பன்றிகளுக்குத் தாவுமானால், அதனை முதலில் அறிபவர் யார்?

பறவைக் காய்ச்சல் இந்நாட்டுக்குப் புதிதன்று. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல் அது பல மாநிலங்களில் தோன்றி மறைந்து மீண்டும் தோன்றியுள்ளது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தின் பொதலகூர், கோவூர் மண்டலங்களிலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களின் தணுக்கு, பெரவலிப் பகுதிகளிலும் எச்5என்1 வைரஸ் கோழிகளை அழித்தது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை இந்நோயால் உயிரிழந்தது. குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் திரளாக வந்து தங்கும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் நேலப்பட்டுச் சரணாலயமும் 2022-இல் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்திலேயே அடங்கியுள்ளன என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இதில் பன்றிக்கு என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். இன்ஃபுளுயன்ஸா வைரஸ் உயிரணுவினுள் நுழைவதற்கு அவ்வணுவின் மேற்பரப்பில் தனக்கேற்ற பற்றிடம் ஒன்று வேண்டும். பறவை வைரஸ் நாடும் பற்றிடமும், மனித வைரஸ் நாடும் பற்றிடமும் ஆகிய இரண்டுமே பன்றியின் சுவாசப் பாதையில் உள்ளன. மேலும், இவ்வைரஸின் மரபுப் பொருள் ஒரே இழையாக இராமல் எட்டுத் துண்டுகளாக அமைந்துள்ளது. இருவகை வைரஸ்கள் ஒரே அணுவில் புகுந்துவிடுமானால், இவ்வெட்டுத் துண்டுகளும் இடம் மாறி 256 விதமாகச் சேரக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை வீணாய்ப் போகும். ஏதேனும் ஒன்று மனிதரிடையே எளிதிற் பரவும் ஆற்றல் பெற்றுவிடுமாயின், அதனை எதிர்க்கும் சக்தி எவர் உடலிலும் இராது.

இது வெறும் ஊகமன்று. 1957-ஆம் ஆண்டின் உலகக் கொள்ளைநோய் வைரஸில் பறவைகளிடமிருந்து வந்த மூன்று துண்டுகளும், 1968-ஆம் ஆண்டின் வைரஸில் இரண்டு துண்டுகளும் இருந்தன. அக்கலப்புகள் எப்பிராணியின் உடலில் நிகழ்ந்தன என்பது இன்னும் துணியப்படவில்லை. ஆனால் 2009-இல் மெக்ஸிகோவில் வெளிப்பட்டு உலகெங்கும் பரவிய எச்1என்1 பன்றிகளிடையே உருவானதே என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்பே, 1979-இல், ஐரோப்பாவில் பறவை வைரஸ் ஒன்று முழுமையாகவே பன்றிகளுக்குத் தாவி அவற்றிடையே நிலைபெற்றுவிட்டது.

எச்5என்1 பன்றிகளை எளிதில் பற்றுவதில்லை, ஒரு பன்றியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதும் அரிது என நிபுணர்கள் கூறுவது உண்மையே. ஆகவே, ஊழியர் குறைவாயுள்ள இடத்தில் பன்றிகளைத் தேடிச் சென்று சோதிப்பது வீண் செலவு என்னும் வாதம் ஒன்று உண்டு. அவ்வாதத்தை இந்தோனேசிய அனுபவம் பலவீனப்படுத்துகின்றது. அங்கு 2005 முதல் 2007 வரை சோதிக்கப்பட்ட 702 பன்றிகளுள் 52-இல் எச்5என்1 காணப்பட்டது. அவற்றுள் ஒன்றேனும் இருமவில்லை, தீனியை மறுக்கவில்லை. ஒரு பன்றியிடம் எடுத்த வைரஸ், மனித வகைப் பற்றிடத்தைப் பிடிக்கும் ஆற்றலையும் பெற்றிருந்தது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கோழிகளும் பன்றிகளும் ஒரே தண்ணீரையும் கொட்டிலையும் கருவிகளையும் பகிர்ந்துகொண்ட ஒரு சிறு பண்ணையிலும் பன்றிகள் நோய்க்குறி காட்டவில்லை. கோழிகளுக்கு நோய் கண்டதால்தான் அவை சோதிக்கப்பட்டன.

பன்றி நோயுற்றால் அதன் சொந்தக்காரர் வந்து சொல்வார் எனக் காத்திருப்பது பயனற்றது என்பது இதனால் தெளிவாகும். கோழி ஆயிரக்கணக்கில் மடிந்து தன் நோயைத் தானே அறிவித்துவிடுகின்றது. பன்றியோ ஒன்றும் சொல்வதில்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டரைத் தொற்றுப் பகுதியாகவும், பத்துக் கிலோமீட்டர் வரையுள்ளதைக் கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. கோழிகளை அழித்துப் புதைக்கும் பரபரப்பில் அவ்வட்டத்தினுள் இருக்கும் பன்றிகள் கவனத்துக்குத் தப்புவது எளிது. ‘இங்கே பன்றி உண்டா? எத்தனை? அவற்றுக்கு என்ன தீனி?’ என்னும் கேள்விகள் முதல்நாள் விசாரணையிலேயே இடம்பெறுதல் வேண்டும். நலமாகத் தோன்றும் பன்றிகளின் மூக்கிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். அன்று கோழிகளை அழித்தவர்களே அதே உடையோடு பன்றிக் கொட்டிலுக்குள் செல்லலாகாது. தடுக்க வந்தவர்களே நோயைச் சுமந்து செல்வதற்கு அது வழியாகிவிடும். காய்ச்சலும் இருமலும் உள்ள எவரும் பன்றிகளை அணுகாதிருத்தல் நல்லது. மனித இன்ஃபுளுயன்ஸா பன்றிக்குப் போவதும் அடிக்கடி நிகழ்வதே.

தீனியைப் பற்றித்தான் மிகுதியாகக் கவலைப்பட வேண்டியுள்ளது. கோழிக் கடைகளில் மிஞ்சும் குடல், தலை, இறகு முதலியனவும், சில வேளைகளில் தாமாகச் செத்த கோழிகளும் பன்றிகளுக்கு இரையாகின்றன. காசு கொடுத்துத் தீனி வாங்க இயலாத ஏழைகளே பெரும்பாலும் பன்றி வளர்க்கின்றனர். ஆந்திராவில் எருகுல மக்களுக்கு இது பரம்பரைத் தொழில். அவர்களிடம் ‘போடாதே’ என்று மட்டும் உத்தரவிட்டால் இரவில் போடுவார்கள். நன்றாகக் கொதிக்க வைத்துப் போடச் சொன்னால் கேட்பதற்கு இடமுண்டு. 70 டிகிரி வெப்பம் ஊடுருவிச் சென்றால் இவ்வைரஸ் அழிந்துவிடும். செத்த கோழியையோ எக்காரணத்தாலும் தீனியாக்கலாகாது. சோதனையில் நோய் கண்டு பன்றியைக் கொல்ல நேர்ந்தால் என்ன இழப்பீடு கிடைக்கும் என்பதையும் மாதிரி எடுக்கும் முன்பே கூறிவிட வேண்டும். இல்லையெனில் மறுநாள் கொட்டிலில் பன்றி இராது. எந்தச் சந்தைக்குப் போயிற்று என்பதும் தெரியாது.

பள்ளி ஆசிரியர்கள் முதலில் பெயர்க் குழப்பத்தை நீக்கலாம். பன்றிகளை மட்டும் கொல்லும் இருவேறு நோய்களும், 2009-இல் மனிதரிடையே பரவிய காய்ச்சலும் தமிழில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. செய்தித்தாள் படிப்பவர் எதைக் கண்டு அஞ்சுவதென்று அறியாமல் எல்லாவற்றையும் கண்டு அஞ்சுகிறார். அச்சத்தால் விளையும் கேட்டுக்கு எகிப்து சான்று. 2009-இல் அந்நாட்டுப் பன்றிகளில் அவ்வைரஸ் காணப்படாதபோதே, ஏறத்தாழ 3,00,000 பன்றிகளைக் கொல்ல ஆணையிடப்பட்டது. கெய்ரோ நகரின் உணவுக் கழிவைத் தின்று தீர்த்தவை அப்பன்றிகளே. அவை ஒழிந்த பின் குப்பை தெருக்களில் மலைபோற் குவிந்தது. நன்கு வேகவைத்த முட்டையாலும் இறைச்சியாலும் தீங்கில்லை என்பதையும், இறந்து கிடக்கும் காக்கையையோ கோழியையோ கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் வகுப்பிலே சொல்லிவிட்டால், மாணவர் வாயிலாக அச்செய்தி அன்று மாலையே வீடுகளுக்குப் போய்ச் சேரும்.