ஏறி வந்த 65, இறங்கி வந்த 65

பி.காம் மூன்றாம் வருடம் வந்தால் வகுப்பில் பாதிப் பேருக்கு வெளிநாட்டு ஆசை வந்துவிடும். ஆசை வந்த பிறகுதான் பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுப்பார்கள். முதல் வருடம் புள்ளியியலில் 41, காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர். அப்புறம் சுதாரித்துக்கொண்டு கடைசி வருடம் எண்பதுக்கு மேல். மொத்தம் 65 சதவீதம். இந்த மாணவன் எங்கே விண்ணப்பிப்பது?

கன்சல்டன்சிக்காரர்கள் "எஸ்ஓபியில சரிக்கட்டிடலாம்" என்பார்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கண்ணீர்க் கதை. அதே கதை பக்கத்து நாற்காலிக்காரருக்கும் போகும் :) அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மார்க்கைப் பார்க்கப் போவது ஆளா, சூத்திரமா?

ஜெர்மனியில் பெரும்பாலும் சூத்திரம். திருத்திய பவேரியச் சூத்திரம் என்று பெயர். அங்கே 1.0 உச்சம், 4.0 பாஸ் எல்லை. அதிகபட்ச மதிப்பெண்ணில் வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். பாஸ் மார்க் 40 என்றால் 65 சதவீதம் 2.75 ஆகிறது. 2.5 கேட்கும் படிப்புக்கு 70 வேண்டும். கீழிருந்து ஏறி வந்த 65-ம், மேலிருந்து சரிந்த 65-ம் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். என்ன நியாயம் இது?

அமெரிக்காவில் பொதுவாக ஒரு குழு மார்க் பட்டியலையே எடுத்துப் பார்க்கிறது. ஏறுமுகம் அங்கே கண்ணில் படும். ஜிமேட்டில் கணக்குப் பகுதி நன்றாக வந்திருந்தால் அந்த 41-க்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் மூன்று வருட பி.காமை ஏற்காத பல்கலைக்கழகங்களும் அங்கே உண்டு, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் மூன்று வருடம் பிரச்சினை இல்லை, சதவீத வரம்புதான் பிரச்சினை.

அரியரை மறைக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். தேறிய மாதமும் வருடமும் மார்க் ஷீட்டிலேயே இருக்கும். தவிர, ஜெர்மனிக்கு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் வேறு கட்டாயம். எஸ்ஓபியில் இரண்டு வரியில் உள்ளதைச் சொல்லிவிட்டு, மிச்ச இடத்தில் கடைசி வருடம் என்ன படித்தான் என்று எழுதலாம். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். முகம் தெரியாத துறைத் தலைவரின் கையெழுத்தைவிட, கடைசி வருடம் பாடம் எடுத்தவர் எழுதும் நாலு வரி எவ்வளவோ மேல்.

இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கக் கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் போதும். அம்மாவின் நகையை அடகு வைத்து கன்சல்டன்சிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தால்கூடப் போதும்.